தண்ணீர் காட்டிய நிலம்

முதலில் அது ஒரு ரசீதின் பின்பக்கம்.
டிரம்ஷான்போவில் டீசல் போட்ட ரசீது.
மாலக்கி ஒரு செவ்வகம் வரைந்தான்.
நான் அதில் ஒரு ஜன்னல் வைத்தேன்.
"மேற்கே," என்றேன், "ஏரி தெரிய."
"மேற்கே மழை," என்றான்.
லீட்ரிமில் மழைக்குத் திசை ஏது என்று
ஜன்னலை இன்னும் பெரிதாக்கினேன்.

அன்றைக்கு அந்த வீட்டில் பதினொரு அறைகள்.
ஒன்றில் பியானோ.
எங்களிடம் பியானோ இல்லை.

வரைபடம் போடும் எய்டீன்
ரசீதை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.
"வீடு இருக்கட்டும்.
நீங்கள் குளித்த தண்ணீர் எங்கே போகும்?"

குழி தோண்ட இயந்திரம் தந்தது
பக்கத்து வயல் ஃபெலிம். காசு வாங்கவில்லை.
மேலே ஒரு சாண் புல்வேர்,
கீழே நீலக் களிமண்,
குளிர்ந்த வெண்ணெய்போல் வெட்டுப்பட்டது.
தண்ணீர் ஊற்றி, அளவுகோலை நட்டு,
மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தோம்.
பன்னிரண்டு மணி. இரண்டு. நான்கு.
ஒரு விரற்கடை இறங்கவில்லை.
ஒரு தவளை மட்டும் இறங்கியது.
ஆழம் பார்க்கப் போனவர்களுக்கு
நிலம்
தண்ணீர் காட்டியது.

ஆகவே மேட்டுக்கு நகர்ந்தோம், சாலையோரம்,
கொஞ்சம் மணல் கலந்த மூலைக்கு.
இப்போது ஏரிக்கும் எங்களுக்கும் நடுவே
ஃபெலிமின் மாட்டுக் கொட்டகை.
பியானோ போயிற்று.
விருந்தினர் அறை போயிற்று,
(மாலக்கியின் அம்மா வரமாட்டார் என்பதில் எனக்கு வருத்தமில்லை)
மாடிப்படி போயிற்று, அதனால் மாடியும்.

பிறகு நான் இந்த ஊர்க்காரி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.
பள்ளிப் பதிவேட்டின் நகல்,
ஞானஸ்நானச் சான்று,
பதினைந்து வயதுக்குட்பட்ட காமோகி அணியில்
நான் கோல் காத்தேன் என்று கிளப் செயலாளரின் கடிதம்.
எத்தனை கோல் விட்டேன் என்று அவர் எழுதவில்லை.

வேலிக்கம்பத்தில் அறிவிப்பு, ஐந்து வாரம்.
இரவுப் பணி முடிந்து வரும்போதெல்லாம்
காரை நிறுத்தி அதன் முகத்தைத் துடைப்பேன்.
மூன்றாம் வாரம் உறைக்குள் ஒரு நத்தை
'வசிப்பிடம்' என்பதில் பாதியைத் தின்றிருந்தது.
புதிய தாள் ஒட்டினேன். நத்தையைப் புல்லில் விட்டேன்.

முப்பத்திரண்டாம் நாள் ஆட்சேபம் வந்தது.
தட்டச்சு செய்து, இருபது யூரோ கட்டணம் கட்டி,
ஃபெலிம்.
மேற்கு ஜன்னலின் வெளிச்சம்
ஈனும் பசுக்களைக் கலைக்குமாம்.
"குழிக்குக் காசு வாங்காதவன்
இதற்குக் கைக்காசு போட்டிருக்கிறான் பார்,"
என்று மாலக்கி கண்ணில் நீர் வரச் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

கவுன்சிலும் ஏழு கேள்வி கேட்டது.
நான்காவது: வாசலில் நின்றால்
வருகிற வண்டி தொண்ணூறு மீட்டரில் தெரிய வேண்டும்.
மறைக்கிற வேலியை வெட்ட
வேலிக்காரர் கையெழுத்து வேண்டும்.
வேலி யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா.

பிப்ரவரி இரவு, படிவத்தோடு போனேன்.
கொட்டகைக்குள் டார்ச் அடித்ததும்
"அணை," என்றான்.
அணைத்தேன்.
கண் பழகுமுன் மூச்சு கேட்டது,
பெரிதாக, விட்டு விட்டு.
பிறகு ஏதோ நனைந்து வைக்கோலில் விழுந்தது.
வெகுநேரம் யாரும் பேசவில்லை.

பசுவின் முதுகில் தாளை வைத்தே கையெழுத்திட்டான்.
ஜன்னலைப் பற்றி அவன் கேட்கவில்லை.
மறுநாள் எய்டீனிடம் சொல்லி அதைக் குறுக்கினேன்,
தோளுக்கு மேலே, ஒரு முழம்.
ஏரி தெரியாது. வானம் தெரியும்.
இப்போதும் கொஞ்சம் கோபம் உண்டு.

ஜூனில் கடிதம்.
அது அனுமதி அல்ல,
அனுமதி தரும் முடிவு என்றாள் எய்டீன்.
மேல்முறையீட்டுக்கு இன்னும் நான்கு வாரம்.
நிபந்தனைகள் பதினான்கு. ஒன்பதாவது,
வெட்டிய வேலிக்கு ஈடாக வேலி நட வேண்டும்.

நான்கு வாரம் முடிந்த அன்று
முளையடித்துக் கயிறு கட்டினோம்.
மழை, எல்லாத் திசையிலும்.
சமையலறையில் நான் நின்றேன்.
மாலக்கி கயிற்றைத் தாண்டி வந்தான்.
"அது சுவர்," என்றேன்.
திரும்பிப் போய்ச்
சுற்றி வந்தான்.